தேச அழுகை

ஒரே நாட்டில் ஒவ்வொரு சனமும் ஒவ்வொரு விதமாக அழுதால் ஒற்றுமை என்னத்துக்கு ஆகும் என்று மேலிடம் யோசித்து, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அழுகையைச் சட்டமாக்கிய வருஷம் அது. நிமிர்ந்து நின்று, கழுத்து அசையாமல், வாய்க்குள்ளேயே விம்ம வேண்டும். எல்லையில் செத்த முப்பிடாதியின் பெட்டி ஊருக்கு வந்ததும் அவன் தாய் இசக்கியம்மாள் மாரில் அடித்து ஒப்பாரி எடுத்தாள். கூட வந்த அதிகாரி கையை உயர்த்தினார்.

"இது எந்த நாட்டு அழுகைம்மா? சரியா அழுதாதான் பெட்டியைத் திறப்போம்."

மாரை நோக்கிப் போன அவள் கைகளைப் பக்கத்துவீட்டு மாடத்தி பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, சர்க்காரு சொல்லுதபடி அழுதுட்டுப் போயேன். பிள்ளை மூஞ்சியப் பாக்காண்டாமா?"

இசக்கியம்மாள் வெயிலில் நின்று அந்த அழுகையைப் பழகி, சாயங்காலம் தேறிவிட்டாள். அதிகாரியே கைதட்டினார். பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பிள்ளையின் கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. துடைக்க விடாமல் மூடிவிட்டார்கள். ஆனால் தூக்கப்போனால் பெட்டி எழும்பவில்லை. வந்த பட்டாளம் முழுக்கச் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. ஊர்க்கூட்டத்தில் நின்ற நான்கூட ஒரு கை கொடுத்தேன். பெத்தவள் ஒப்பாரி கேட்காமல் எங்கள் பக்கத்துப் பிணம் கிளம்பாது என்று ஊரார் சொன்னார்கள். அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க அழுகையையே அழுங்கம்மா."

இசக்கியம்மாள் கழுத்து அசையாமல் நிமிர்ந்து நின்றாள்.

"அது எப்பிடிய்யா அழணும்?"