எட்டாம் வருஷக் கேள்விகள்

மத்தியான வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிவரை வந்து நிற்கிறது. போன் ஸ்பீக்கரில் பேசுகிறது. பெயிண்டரின் விரல்களில் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து எட்டு வருஷமாகிறது. வருஷா வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டு இதே கேள்விகளைக் கேட்கிறாள். "நெஞ்சுவலி ஏதும் வருதாங்க?" "இல்லம்மா, கல்லு மாதிரி இருக்கேன்." "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" "ஓடியே ஏறுவேன்" என்று சிரிக்கிறார்.

அடுப்பருகே மனைவி கரண்டியைக் கீழே வைக்கிறாள். சற்றுமுன் மூன்று மாடி ஏறி வந்தவர், கதவைத் தட்டவும் தெம்பில்லாமல் சுவரில் கையூன்றி நின்றதை அவள் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏணி ஏறக் கூடாதென்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். ஏணியை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

"வீட்டுல அக்கா இருக்காங்களா? அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்." வேண்டாம் என்பதுபோல் அவர் தலையசைக்கிறார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வருகிறாள். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. "பொய் சொல்றாரும்மா. ரெண்டு மாசமா நின்னு நின்னுதான் மாடி ஏறுறாரு."

மறுமுனையில் கீபோர்டு சத்தம் நிற்கிறது. "நாளைக்கே கூட்டிட்டு வந்துடுங்கக்கா."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட" என்கிறார் அவர், கோபமே இல்லாத குரலில்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தே கேட்கிறாள்: "காலையில எத்தனை மணிக்கு வரணும்மா?"