நாலு கிலோ

“அந்தத் தச்சர் நடிக்கிறாரு மேடம்! வீட்டுல தண்ணிக் குடத்தை வலது கையால தூக்குறதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். இங்க வந்தா நோஞ்சான் வேஷம். சரியான ஏமாத்துக்காரன்!”

தடியை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்கச் சொல்லிவிட்டுப் போனார் வாத்தியார். தச்சருக்கு எதிர் வீட்டுக்காரர். இருவருக்கும் பக்கவாதம். ஆஸ்பத்திரி வண்டி இருவரையும் சேர்த்துத்தான் தினமும் அழைத்து வருகிறது.

பிசியோதெரபிஸ்டுக்குச் சுருக்கென்றது. பக்கவாதத்தில் விழுந்த கை எத்தனை மாதத்தில் தேறுகிறது என்று ஒரு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். எல்லாருக்கும் எண் ஏறுகிறது. தச்சருக்கு மட்டும் ஐந்து மாதமாக அதே நாலு கிலோ. எங்கே தப்பு செய்தோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாளே, பாவி மனுஷன்!

கைப்பிடி வலுவை அளக்கும் மீட்டரைத் தச்சரிடம் நீட்டினாள். “அழுத்துங்க.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுத்தினார். நாலு.

பதிவேட்டை எடுக்க உள்ளே போய்த் திரும்பினாள். வாத்தியார் ஏறிப் பழகும் மரப்படி ஓரம் தச்சர் குனிந்திருந்தார். மேசையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரால் லூசான ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார். வலது கையால்.

“படி ஆடிக்கிட்டிருந்துச்சு மேடம்…” என்று இழுத்தார்.

அவள் மீட்டரை மறுபடி நீட்டினாள். தலையைக் குனிந்தபடி அழுத்தினார். இருபத்தொன்று.

“வெட்கமா இல்ல? இந்த இடத்துக்கு வெளியில நாற்பது பேர் தவம் கிடக்கிறாங்க. இன்னிக்கே உங்க பேரை அடிக்கிறேன்.”

“அடிச்சா வண்டி வராதே மேடம்.”

“உங்களுக்கு இனிமே எதுக்கு வண்டி?”

“எனக்கில்ல. ஒரு தெருவுல ரெண்டு பேராவது இருந்தாத்தான் வண்டி வரும்னு டிரைவர் சொன்னாரு. நான் நின்னுட்டா வாத்தியார் எப்படி வருவாரு? ஒண்டிக்கட்டை. இப்ப நிறுத்தினா படுத்த படுக்கைதான்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் பேனா நின்றது. “வாத்தியாருக்காகவா? அவர்தான் உங்களைப் பத்தி…”

“தெரியும். வண்டியில என் காதுபடவேதான் சொல்றாரு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“பொய் எழுத என்னால முடியாது. ஆனா ஒரே ஒருத்தர் இருந்தாலும் வண்டி வரணும்னு இப்பவே ஆபீஸ்ல போய் நிக்கிறேன். ஒத்துக்கிற வரைக்கும் நகர மாட்டேன்.”

தச்சர் ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார்.

“அது போதும் மேடம். நான் கேட்டேன்னு மட்டும் அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. எட்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது.”