சாயங்கால மருந்து

"எவ்வளவுக்கு வித்தீங்க?"

சளிப் பரிசோதனை முடிவை டாக்டர் மேஜைமேல் வீசினார். எதிரே வெல்டர் நின்றிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய மூத்த மகள் இருமலைக் கைக்குட்டைக்குள் அடக்கிக்கொண்டிருந்தாள். நுரையீரலில் கிருமி குடியேறி நாலு வருஷமாகிறது.

"காலையில ஒரு குப்பி, சாயங்காலம் ஒரு குப்பி மெஷின்ல ஊத்தி இழுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காலையில மட்டும்தான் இழுக்கிறேன்னு நர்ஸ்கிட்ட இவளே சொல்லியிருக்கா. மிச்சம் எங்கே?"

"விக்கல டாக்டர்."

"ஒரு குப்பி என்ன விலைன்னு தெரியுமா?"

"தெரியும். என்னோட ஆறு நாள் கூலி."

டாக்டருக்கு முகம் சிவந்தது. வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் இலவச மருந்து என்று விதி வைத்திருந்த ஆபீஸின் படிகளை எட்டு மாதம் ஏறி இறங்கி, இந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்தவர் அவர்.

"அவங்க கொண்டுவந்த பையைப் பாருங்க சிஸ்டர்."

நர்ஸ் பையைக் கவிழ்த்தாள். ஆவி பிடிக்கும் மெஷின், சிவப்பு நூல் கட்டிய வாய்க்குழாய் ஒன்று, நீல நூல் கட்டியது ஒன்று. மருந்து ஒரு சொட்டு இல்லை.

"அரை மருந்துக்குக் கிருமி சாகாதுய்யா, பழகிக்கும். பழகிடுச்சு. இனிமே இது இவளுக்கு வெறும் தண்ணி. அடுத்தது பதினாலு நாள் பெட்ல போட்டு ஊசி ஏத்தணும். அந்தச் செலவை உங்க வீட்டையே வித்தாலும் கட்ட முடியாது."

வெல்டர் மெஷினை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"பெத்த பொண்ணோட மூச்சுல காசு பாக்குற ஆளுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்கே பேரை அடிக்கிறேன்." டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"அடிச்சுக்குங்க" என்றார் வெல்டர். தீப்பொறி சுட்ட தழும்புகளோடு அவர் கை நாற்காலியின் முதுகை இறுக்கியது. "திருடன்னே எழுதிக்குங்க. ஒரு புள்ளைக்கு மட்டும் மூச்சு போதும்னு விதி எழுதினவனை யாரும் ஒண்ணும் கேக்கல."

"என்ன உளறுறீங்க?"

"அப்பா, சொல்லிடுப்பா."

"நீ சும்மா இரு. சொன்னா உள்ளதையும் நிறுத்திடுவாங்க."

அந்தப் பெண் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். இரண்டு முறை மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"சாயங்காலம் என் தங்கச்சியோட முறை டாக்டர்."