கோர்ட்டுக்குப் போகிற வண்டி

"இன்னா தம்பி, டக்குனு சத்தம் மட்டும் வருது, வண்டி கெளம்பலையே?"

பின் சீட்டிலிருந்து லூர்துமேரி கேட்டதும் இனியவனுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினான். மறுபடியும் ஒரே ஒரு 'டக்'. அவ்வளவுதான்.

தப்பு அவனுடையது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் காலையிலேயே அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டவன், நேராக விழுப்புரம் கோர்ட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். கூட்டேரிப்பட்டில் ஒரு டீ குடிக்கலாம் என்று வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தது அவன்தான்.

"ஒண்ணுமில்லம்மா, பேட்டரியா இருக்கும். இதோ ஆயிடும்."

"கோர்ட்டு கூடறதுக்குள்ள போயிடலாமா?"

"போயிடலாம்மா."

பானட்டைத் திறந்தான். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஒயரைக் கழற்றினான். டீக்கடைக்காரர் அரங்கநாதன் ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து ஊற்ற, இனியவன் தேய்த்துத் துடைத்து, மறுபடி மாட்டி, இறுக்கி முறுக்கினான். ஓடிப்போய் சாவியைத் திருப்பினான்.

'டக்.'

ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. ஹாரன் அடித்தான். எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது.

"பேட்டரி நல்லாத்தான் கீது. செல்ஃப் மோட்டார்தான் பேஜாரு பண்ணுது" என்றான்.

"மெக்கானிக்கு வேணும்னா திண்டிவனத்துல இருந்துதான் வரணும்" என்றார் அரங்கநாதன்.

லூர்துமேரியின் கையில் போன் அடித்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாள், எடுக்கவில்லை. நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"வக்கீலாம்மா?"

"சொந்தக்காரங்க."

"வந்துக்கினே இருக்கோம்னு சொல்லிடுங்களேன்."

"நேர்லயே பாத்துக்கலாம் தம்பி."

இனியவனுக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, விழுப்புரம் பஸ்ஸு எதுனா நிக்கும். கை காட்டி ஏத்தி வுடட்டுமா?"

"பஸ்ஸு வேணாம். எங்க ஊரு ஜனம் பூரா இன்னிக்கு கோர்ட்டுக்குத்தான் போவுது. அவங்க கண்ணுல படாம போவணும்னுதான் ஒன் வண்டியக் கூப்புட்டேன்."

"கேசு யாரு மேலம்மா?"

அவள் ரோட்டையே பார்த்தபடி சொன்னாள். "எம் பையன் மேல."

இனியவனுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. ஒருதரம் அடிதடி என்று போலீஸ் இனியவனையே பிடித்துக்கொண்டு போனபோது, அவனுடைய அம்மா சோறு தண்ணி இல்லாமல் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றாள். தெரிந்தவர்கள் யாராவது வந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாளாம். இந்த அம்மாவும் அதே மாதிரிதான்.

"போன வாய்தாவுக்கே நான் போவல தம்பி. ஒடம்பு சரியில்லன்னு சொல்லி வூட்லயே ஒக்கார வெச்சிட்டாங்க. இன்னிக்கும் போயி வாயத் தொறக்கலன்னா, அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதாம்."

இனியவன் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தான். செல்ஃப் மோட்டாரை எட்டித் தட்டினான். எழுந்து சாவியைத் திருப்பினான். 'டக்.' இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினான். சட்டை முழுக்க மண். 'டக்.'

அவனுக்கே அழுகை வரும்போல இருந்தது. "தள்ளித்தாம்மா பாக்கணும். அண்ணே, ஒரு கை குடுங்க."

அரங்கநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். லூர்துமேரியும் இறங்கிவிட்டாள்.

"நீங்க ஓரமா நில்லுங்கம்மா. மூச்சு வாங்கும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. நீ போய் வண்டியில ஒக்காரு."

செருப்பை உதறிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காரின் பின்னால் இரண்டு கையையும் வைத்தாள். இனியவன் சாவியைப் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் வைத்துக்கொண்டான். சர்வீஸ் ரோட்டில் வண்டி மெல்ல உருண்டது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வயசை மறந்து, ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கே விழுந்துவிடுவாளோ என்று அவனுக்குப் பதைத்தது.

கொஞ்சம் வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டான். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, செருமி, சட்டென்று உறுமியது.

"வந்துடுச்சு! ஏறுங்கம்மா, ஜல்தி!"

அரங்கநாதன் அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து உள்ளே போட்டார். "நல்லபடியா முடியும், போய்ட்டு வாம்மா" என்றார்.

அதற்குப் பிறகு இனியவன் எங்கேயும் நிற்கவில்லை. லாரிகளை ஒதுக்கி ஒதுக்கிப் பறந்தான். பின்னால் அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. ஜெபமா, கோர்ட்டில் சொல்ல வேண்டியதா, தெரியவில்லை.

விழுப்புரம் கோர்ட் வாசலில் அவள் ஊர்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். அவள் தலையைக் கண்டதும் நாலைந்து பேர் காரை நோக்கி வேகமாக வந்தார்கள். இவ்வளவு பேர் துணைக்கு இருக்கிறார்களே என்று இனியவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தைரியமா போங்கம்மா" என்றான். "இன்ஜினை அணைக்காம இங்கியே நிக்கிறேன். பையனைக் கையோட கூட்டிக்கினு வாங்க. மூணு பேரும் ஒண்ணாவே ஊருக்குப் போயிடலாம்."

கதவைத் திறந்தவள் அப்படியே நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து கலங்காத கண் இப்போது கலங்கியது.

"அவன் வரக் கூடாது தம்பி" என்றாள். "எம் மருமவளக் கெணத்துல தள்ளிட்டான், பாத்தவ நான் ஒருத்திதான்."