இன்றைய இலக்கு

"நாலாம் வகுப்புக்கு வந்தும் பாதிப் பிள்ளைங்களுக்குப் படிக்கவே வரல, மிஸ்டர் கெஸ்லர். ஒரு வாசிப்பு டீச்சரை அனுப்பி வைங்களேன்," என்று கெஞ்சினாள் வகுப்பாசிரியை டார்லா.

நடக்கும் வாசிப்புப் பாடம் மாநிலத் தரநிலையோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்க ஒமாஹா நகரிலிருந்து வந்திருந்தார் அதிகாரி கெஸ்லர். கையிலிருந்த ஐபேடை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பிள்ளைங்க வாயாலேயே கேட்டுட்டாப் போச்சு!"

பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முன்வரிசை டெஸ்ஸாவை எழுப்பினார். "பலகையில இன்னைக்கு என்ன இலக்கு எழுதியிருக்கு? வாசி கண்ணு."

டெஸ்ஸா பலகையைப் பார்த்தாள். "கதையின் மையக்கருத்தைக் கண்டறிந்து, அதற்குச் சான்று காட்டுவேன்." ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

"இவளுக்கா படிக்க வரல? நல்ல கதையா இருக்கே!" சிரித்தபடி டிக் அடித்தார் கெஸ்லர். "வாசிப்பு டீச்சர் வேற ஸ்கூலுக்குப் போகட்டும்."

டார்லா பலகையை நோக்கிக் கைகாட்டினாள். "கொஞ்சம் திரும்பிப் பலகையைப் பாருங்க சார்."

திரும்பினார். காலையில் எழுதிய கணக்குப் பாட இலக்கு அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது: 'பின்னங்களைப் பெருக்குவேன்.'

"அவ வாசிக்கல சார். நான் தினமும் சொல்றதைக் கேட்டு ஒப்பிக்கிறா."

கெஸ்லரின் முகம் இறுகியது.

"பாடம் ஒண்ணு, பலகையில இலக்கு வேறொண்ணா? நல்லவேளை, நீங்களே காட்டிட்டீங்க."

டார்லாவின் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்தார்.