இரண்டாவது மஞ்சள் அட்டை

“எழுந்திருடா! நடிச்சது போதும்!”

கோச் கத்திய கத்தலில் கழுத்து நரம்பு புடைத்தது.

எதிரணிக் கேப்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான். அவன் பக்கத்தில் ஈ காக்கா இல்லை.

கால்பந்து அரையிறுதி. ஆட்டம் முடியப் போகிறது. எதிரணிக்கு ஒரு கோல் முன்னிலை. வீணாகும் ஒவ்வொரு நொடியும் அவர்களுக்கு லாபம். காற்று பட்டாலே விழுகிறவன் என்று பெயரெடுத்த ஆள் வேறு.

“கொஞ்சமாவது வெட்கம் இருக்கா இவருக்கு?” என்றார் பெஞ்சில் இருந்த அணியின் டாக்டர்.

அவருடைய எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால், உயரமாக வந்த பந்துக்கு எம்பிய தங்கள் அணி ஸ்ட்ரைக்கர், எதிரணிக்காரன் ஒருவனோடு மண்டை மோதி விழுந்தான். டாக்டர்தான் ஓடிப்போய்ப் பார்த்தார்.

“இப்ப எத்தனாவது பாதி?”

“ரெண்டாவது.”

“கடைசியா கோல் போட்டது யாரு?”

“அவனுங்கதான். வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கக்கா.”

பதிலெல்லாம் சரி. இருந்தாலும் உள்ளே கூட்டிப்போய் நிதானமாகச் சோதிக்க வேண்டும் என்றார்.

கோச் காலில் விழாத குறை. “மாத்த ஆளில்லம்மா, எல்லாரையும் இறக்கியாச்சு. பையன் தெளிவாத்தானே பேசறான்?”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா” என்று அவனும் எழுந்து ஓடிவிட்டான்.

டாக்டர் விட்டுவிட்டார். அவனையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனாலும் ஆட்டத்தின் வேகத்தில் கண் என்னவோ பந்தின் பின்னால்தான் ஓடியது.

நடுவர் வந்தார். கேப்டனைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். அவனுக்கு அது இரண்டாவது. பின்னாலேயே சிவப்பு, ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம்.

“இறுதிப் போட்டியும் போச்சு அவனுக்கு. நல்லா வேணும்!” கோச் தொடையைத் தட்டினார்.

டாக்டர் அப்போதுதான் ஸ்ட்ரைக்கரைத் தேடினார். ஆட்டம் நின்றதால் எல்லாரும் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்திருந்தார்கள். அவன் மட்டும் எதிரணி பெஞ்சுக்கு முன்னால் நின்று தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஓடினார்.

“அக்கா, ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?” என்றான்.

ஒரு கண்ணின் மணி இன்னொன்றைவிடப் பெரிதாக விரிந்திருந்தது.

“டாக்டர், இன்னும் ரெண்டே நிமிஷம்...” கோச் இழுத்தார்.

“பேசாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!”

மண்டையோட்டுக்குள் ரத்தக் கசிவு என்றது ஸ்கேன். நேராக அறுவை சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டத்தில் தோற்றதை கோச் யாரிடமும் கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. வராந்தாவில் தலையைக் கையால் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் கதவு திறந்தது. “தப்பிச்சுட்டான். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா, சொல்றதுக்கில்ல” என்றார் அறுவை மருத்துவர்.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, வராந்தாவின் கோடியில் எதிரணிக் கேப்டன் நின்றிருந்தான்.

கோச் விருட்டென்று எழுந்தார். “நீ எதுக்குய்யா இங்க வந்தே?”

அவன் டாக்டரைப் பார்த்தான். “பையன் எப்படி இருக்கான்?”

“பிழைச்சுட்டான்.”

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. “நீங்க விழுந்து ஆட்டம் நின்னதாலதான் அவனைக் கவனிச்சேன். தெரியாம செஞ்சாலும் பெரிய உபகாரம்.”

“தெரியாமலா?” அவன் கண்ணைத் திறந்தான். “ரெண்டு தடவை எனக்கே பந்தைத் தட்டிவிட்டு, ‘ஓடுண்ணே’ன்னான் டாக்டர். எந்த அணின்னே அவனுக்குத் தெரியல. நடுவர்கிட்ட சொன்னேன், நேரத்தைக் கடத்தாதேன்னார். உங்க பெஞ்சைப் பார்த்துக் கத்தினேன், சார் கெட்ட வார்த்தையில திட்டினார்.”

கோச் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் சொன்னா யாரு நம்புவா? ஆனா விழுந்தா, விசில் அடிச்சுத்தானே ஆகணும்!”