மூன்று கறுப்புக் கோப்பைகள்

ஓட்டல் பாருக்கு எந்த டெக்கீலா மதுவை வாங்கலாம் என்று முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம். போன மாதக் காய்ச்சலோடு மூக்கு செத்துப்போயிருந்தது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் இப்போது அவருக்கு ஒன்றுதான். விஷயம் மச்சானைத் தவிர யாருக்கும் தெரியாது, பெண்டாட்டிக்குக்கூட.

"கவலையை விடுங்க மாமா. நான் முன்னாடியே ருசி பார்த்து வச்சுக்கறேன். நல்ல சரக்கை நீங்க கையில எடுக்கறப்ப காதைத் தொடறேன்," என்றிருந்தான் மச்சான். அவனை இங்கே உதவியாளாகச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

முதலாளி மேசையில் மூன்று கறுப்புக் கோப்பைகளை வைத்தார். நிறத்தைப் பார்த்து ஒப்பேற்றவும் வழியில்லை.

"மூணும் மரப்பீப்பாயில ஊறினதுதான். எது ஒசத்தின்னு சொல்லுங்க."

முதல் கோப்பையை முகர்ந்து ஒரு வாய் உறிஞ்சினார். முதலாளிக்குப் பின்னால் நின்ற மச்சான் அசையவில்லை. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதை எடுத்ததும் அவன் கை காதுக்குப் போனது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இதுதான் சார். பீப்பாய் வாசனை பதமா இறங்கியிருக்கு. மத்த ரெண்டும் மரத்தூளைக் கரைச்ச மாதிரி."

முதலாளி ஒரே ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மூணுமே இதுலேருந்து ஊத்தினதுதான். தான் காதைத் தொட்டா கையில இருக்கறதைத்தான் நீங்க ஒசத்தின்னு சொல்வீங்கன்னு உங்க மச்சான் சொன்னப்ப நான் நம்பலை. நாளையிலேருந்து அவரே இந்த வேலையைப் பார்த்துக்கட்டும்."

அவர் மச்சானைப் பார்த்தார்.

"அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிடறேன் மாமா," என்றபடி அவன் அவருடைய நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.